விளம்பரக் காசு எங்கே கரைகிறது? வணிக வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வருத்தத்தை வெவ்வேறு ஊர்களிலிருந்து சொல்கின்றன. வாடிக்கையாளர் முன்போல ஓரிடத்தில் இல்லை. அவரைத் தேடித் தேடிச் செலவழிக்கும் பணம் திரும்பி வருவதாகத் தெரியவில்லை. அவற்றுள் ஆறு கடிதங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சேலைக் கடை நடத்துகிறது. அப்பா காலத்தில் தியேட்டரில் ஒரு சிலைடு, பொங்கலுக்கு நாள்காட்டி, ஆடித் தள்ளுபடிக்கு ஆட்டோவில் ஒலிபெருக்கி, அத்தோடு சரி. இப்போது என் மகன் சொற்படி லோக்கல் கேபிள், எஃப்.எம்., பேப்பருக்குள் நோட்டீஸ், பேருந்தின் பின்புறம், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப், வாட்ஸ்அப் என்று எட்டு இடங்களில் மாதம் 60,000 ரூபாயைப் பிரித்துப் போடுகிறோம். பணம் போவது தெரிகிறது. கூட்டம் வருவது தெரியவில்லை. எதை நிறுத்துவது, எதை வைத்துக்கொள்வது?
(சேலைக் கடை உரிமையாளர், திண்டுக்கல்)

உங்கள் அப்பாவுக்கு இருந்த வசதியை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அடுத்த ஆண்டே தூர்தர்ஷன் விளம்பரங்களை ஏற்கத் தொடங்கியது. 1993 ஏப்ரலில் சன் டிவி வரும்வரை, வெள்ளிக்கிழமை மாலை ‘ஒளியும் ஒலியும்’ ஓடும் நேரத்தில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்ததை என் வயதுடையவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். டிவி இருந்த வீட்டார் தம் வீட்டில் பார்த்தார்கள், இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தார்கள். அந்த அரை மணி நேரத்தில் இடம் பிடித்த விளம்பரத்தைப் பார்த்தவர் யார், பார்க்காதவர் யார் என்று கணக்கெடுக்க அவசியமே இருக்கவில்லை. செயற்கைக்கோள் சேனல்கள் அந்தக் கூட்டத்தைப் பல கூறாக்கின. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தை மலிவாக்கிய பிறகு ஒரே வீட்டுக்குள் ஆளுக்கொரு திரை என்றாகிவிட்டது.

இதிலிருந்து உங்கள் மகன் எடுத்த முடிவையே, விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்த நாளில் நானும் எடுத்தேன்: ஆட்கள் எட்டு இடத்தில் இருந்தால் நாமும் எட்டு இடத்தில் இருக்க வேண்டும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காலையில் சமையலறையில் எஃப்.எம். கேட்பவரும், பேருந்தில் யூடியூப் பார்ப்பவரும், இரவில் சீரியலுக்கு உட்காருபவரும் பெரும்பாலும் ஒரே பெண்மணிதான். மூன்று இடத்தில் பணம் கட்டி அவர் ஒருவரையே மூன்று முறை விலைக்கு வாங்குகிறீர்கள்.

கணக்காகவே பார்க்கலாம், எண்கள் விளக்கத்துக்காக நானாக வைத்துக்கொண்டவை. சேலை எடுக்கக்கூடிய 100 பேரில் கேபிள் 40 பேரையும் எஃப்.எம். 30 பேரையும் எட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 70 என்று விளம்பரம் பிடிக்க வருபவர் சொல்வார். கேபிளில் ஏற்கெனவே பார்த்துவிட்டவர்கள் எஃப்.எம். கேட்போரிலும் கலந்திருப்பதால், மீதமுள்ள 60 பேரில்தான் எஃப்.எம். புதிதாக ஆள் பிடிக்க முடியும். அதில் நூற்றுக்கு 30 வீதம் 18 பேர். ஆக மொத்தம் 58. அடுத்து, 20 பேரை எட்டும் ஃபேஸ்புக் விளம்பரத்தைச் சேர்த்தால், எஞ்சிய 42 பேரில் 8 பேர் மட்டுமே புதியவர்கள். நீங்கள் 20 பேருக்கு விலை கொடுத்திருக்கிறீர்கள். ஒரே வயதும் ஒரே பழக்கமும் உள்ளவர்களே இரண்டு மூன்று இடங்களிலும் சேர்ந்திருப்பதால், நடைமுறையில் இந்த 8 பேரும் கிடைப்பது அரிது.

ஆகவே ஒவ்வோர் இடத்தையும் நிறுத்தி வைத்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மற்ற இடங்களில் நம்மைக் காணாத யாரை இது நம் கடைக்குக் கொண்டுவருகிறது?

அதற்கு விடை உங்கள் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கடந்த இரண்டு மாதப் பில்களில் இருநூறை எடுத்து மேசைமேல் பரப்பி, உங்களுக்கும் விற்பனையில் நிற்பவர்களுக்கும் முகம் நினைவிருக்கிறவற்றை வகை பிரியுங்கள். ஜவுளிக் கடைகளின் பில்லை நான் பார்த்த அளவில் மூன்று குவியல் வரும். முதலாவது, கல்யாண ஜவுளி எடுக்க ஏழெட்டுப் பேராக வேனில் வந்து இறங்கும் குடும்பம். இவர்கள் கடையைத் தீர்மானிப்பது தேதி குறித்து மண்டபம் பிடித்த சில வாரங்களுக்குள். அப்போது அவர்கள் ஏறி இறங்கும் படிகள் மண்டப அலுவலகத்தினுடையதும் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தினுடையதும்தான். அந்த இரண்டு மேசைகளில் உங்கள் கடையின் பெயர் பொறித்த சீர்வரிசைப் பட்டியல் ஒன்று, வெறும் விளம்பரத் தாளாக இல்லாமல் குறித்து வைத்துக்கொள்ள உதவும் தாளாக இருந்துவிட்டால், இன்ஸ்டாகிராமில் யாரென்று தெரியாத ஆயிரம் பேருக்குக் காட்டுவதைவிட அது மேல். இரண்டாவது, உங்களிடம் பத்துப் பதினைந்து சேலையாக வாங்கி வீட்டிலிருந்தே விற்கும் பெண்கள். அவர்களுக்கு விளம்பரமே வேண்டாம். புதுச் சரக்கின் படம், விலை, எத்தனை உருப்படி இருக்கிறது என்ற விவரம் தினமும் ஒரே நேரத்தில் வாட்ஸ்அப்பில் வர வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது, மாதச் சம்பளத்தை ஒட்டி ஒன்றிரண்டு சுங்குடி, காட்டன் எடுப்பவர்கள். இவர்களைப் பேருந்தின் பின்புறமும் ஆட்டோ ஒலிபெருக்கியும் எட்டும்.

எட்டில் மூன்று, மிஞ்சினால் நான்கு போதும். 60,000 ரூபாயை எட்டாகப் பிரித்தால் பங்குக்கு 7,500. அந்தத் தொகைக்குக் கிடைக்கும் விளம்பரம் எந்த இடத்திலும் கண்ணில் நிற்கும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வராது. எனக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். ஒரு மசாலாத் தூள் நிறுவனத்துக்கு டிவி, தியேட்டர், நாளிதழ், பேருந்து என்று நான் போட்டுக்கொடுத்த திட்டம் காகிதத்தில் மிக அழகாக இருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், அவர்களிடம் கிலோக் கணக்கில் வாங்கக்கூடிய மெஸ் சமையல்காரர்களும் கல்யாணச் சமையல் குத்தகைக்காரர்களும் நான் போட்ட எதையும் பார்த்திருக்கவில்லை. அவர்கள் அதிகாலையில் காய்கறி மார்க்கெட்டில் நின்றார்கள். நான் அவர்களை இரவு ஒன்பது மணிச் சீரியலில் தேடிக்கொண்டிருந்தேன்.

கேள்வி: முறுக்கு வியாபாரம் செய்கிறேன். ஒரே விளம்பரப் படத்தை எல்லா இடத்திலும் போடலாமா, அல்லது ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டுமா? தனித்தனியாக எடுக்க வசதியில்லை.
(மணப்பாறை வாசகர்)

தனித்தனிப் படம் வேண்டாம். ஆனால் ஒரே படத்தை அப்படியே எல்லா இடத்திலும் ஒட்டவும் கூடாது. எஃப்.எம்.மில் படம் இல்லை, பேருந்தின் பின்னால் ஒலி இல்லை, செல்பேசியில் பலர் சத்தத்தை அணைத்துவிட்டு விரலால் தள்ளிக்கொண்டே போகிறார்கள். இவை அனைத்திலும் ‘அட, அந்த முறுக்குக்காரர்’ என்று பார்த்தவுடனோ கேட்டவுடனோ தெரிந்தாக வேண்டும். அதற்குக் கண்ணுக்கு ஓர் அடையாளமும் காதுக்கு ஓர் அடையாளமும் தேவை. இரண்டையும் ஒருமுறை தீர்மானித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் இருப்பதுதான் கடினம். கடைக்காரருக்குத் தம் விளம்பரம் அலுத்துப்போகும் நாளில்தான் ஊர் அதைக் கவனிக்கவே தொடங்கியிருக்கும். ஜவுளிக் கடைகளின் மஞ்சள் பையைப் பாருங்கள். கைப்பிடி நைந்த பிறகும் ரேஷன் கடை வரிசையில் அது கடைப் பெயரோடு நின்றுகொண்டிருக்கும்.

உங்கள் சரக்குக்கு அமைந்துள்ள வரம் அதன் சத்தம். முறுக்கை உடைக்கும் ‘மொறுக்’ என்ற ஒலியோடு எஃப்.எம். விளம்பரத்தைத் தொடங்கி, பிறகு கடைப் பெயரையும் ஊர்ப் பெயரையும் சொல்லுங்கள். அதே முறுக்கு உடையும் காட்சியைச் செல்பேசியில் உயரவாக்கில், முகத்துக்கு நெருக்கமாக, முதல் இரண்டு விநாடிக்குள் வரும்படி வைத்து, கடைப் பெயரைத் திரையிலேயே எழுதிவிடுங்கள். சத்தம் இல்லாவிட்டாலும் நிற்கும். பேருந்துக்குப் பாதி உடைந்த முறுக்கின் பெரிய படமும் பெயரும் போதும். பத்து வரி வாசகத்தை ஓடும் பேருந்தின் பின்னால் யாரும் துரத்திக்கொண்டு படிக்க மாட்டார்கள். ஒருநாள் படப்பிடிப்பில் இவை மூன்றும் முடிந்துவிடும்.

கேள்வி: எட்டு லட்சம் பேர் பின்தொடரும் ஓர் உணவுக் காணொளிக்காரர் எங்கள் பால்கோவாவைப் பற்றிப் பேச 40,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
(ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகி)

எட்டு லட்சம் என்ற எண்ணை மறந்துவிட்டு, அவருடைய கடைசிப் பத்துக் காணொளிகளைப் பார்த்தவர்கள் எந்தெந்த ஊர்களில் இருக்கிறார்கள் என்று காட்டும் பக்கத்தை அவர் செல்பேசியிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் விடை கிடைத்துவிட்டது. கூரியரில் அனுப்பும் ஏற்பாடு உங்களிடம் இருந்தால் சென்னையிலும் பெங்களூரிலும் பார்ப்பவர்கள் பயன்படுவார்கள். கடை விற்பனை மட்டுமே என்றால், விருதுநகர், மதுரை, தென்காசிப் பக்கத்தில் முப்பதாயிரம் பேர் பார்க்கும் ஒருவரிடம் கால்வாசிச் செலவில் அதிகம் கிடைக்கும். கூரியர் என்றால் பால்கோவா எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பதையும் காணொளியிலேயே சொல்லச் செய்யுங்கள்.

காசு வாங்கிக்கொண்டு பேசுவதை அவர் மறைக்கக் கூடாது. இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழுமம் 2021ஆம் ஆண்டிலிருந்தே, பணமோ இலவசப் பொருளோ பெற்றுப் பேசினால் அது விளம்பரம் என்று தெளிவாகக் காட்ட வேண்டும் என வழிகாட்டியிருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, தவறான தகவல் தரும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் தண்டம் விதிக்கலாம். பரிந்துரைத்துப் பேசுபவருக்கும் இது பொருந்தும் என்பதை அவருக்கே நினைவூட்டுங்கள்.

கேள்வி: ஒருவர் எங்கள் ஊரின் 20,000 செல்பேசி எண்களை 6,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். வாட்ஸ்அப்பிலும் குறுஞ்செய்தியிலும் தீபாவளிச் சலுகையை அனுப்பலாம் என்று நினைக்கிறேன்.
(வீட்டு உபயோகப் பொருள் விற்பனையாளர், வேலூர்)

வேண்டாம். அந்த எண்களுக்கு உரியவர்கள் உங்களுக்கு ஒப்புதல் தந்தவர்கள் அல்லர். தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் டிராய் அமைப்பின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, வணிகக் குறுஞ்செய்தி அனுப்புபவர் தம்மையும், அனுப்புநர் பெயரையும், செய்தியின் வாசகத்தையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பதிவுத்தளத்தில் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். சாதாரண சிம்மிலிருந்து மொத்தமாக அனுப்பினால் இணைப்பே துண்டிக்கப்படலாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023இல் தனிச் சட்டமும் வந்துவிட்டது. வாட்ஸ்அப்பிலோ தொழில்நுட்பமே வழிமறிக்கிறது: ஒரே செய்தியைப் பலருக்கு ஒருசேர அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைத்தான் சேர்க்க முடியும்; அவர்களிலும் உங்கள் எண்ணைத் தம் செல்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும்.

இந்தத் தடையில்தான் உங்களுக்கான வழியும் இருக்கிறது. மிக்சி வாங்கியவரிடம் பில் போடும்போது, “சர்வீசுக்குக் கூப்பிட இந்த எண்ணைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், வாரண்டி அட்டையின் படத்தையும் இதிலேயே அனுப்பிவிடுகிறேன், எப்போதாவது சலுகை வந்தால் சொல்லட்டுமா?” என்று கேட்டுப் பாருங்கள். சரி என்பவர் தம் கையாலேயே உங்கள் எண்ணைச் சேமிப்பார். வேண்டாம் என்பவரை விட்டுவிடுங்கள். ஆறு மாதத்துக்குப் பின் மிக்சி ஜாரின் பிளேடைச் சாணை பிடிக்க வேண்டிய காலம் வந்தது என்று அவருக்கு ஒரு செய்தி அனுப்பினால், அதைப் படிப்பார். அதன் கீழே ஒரு வரியில் உள்ள தீபாவளிச் சலுகையையும் படிப்பார். மற்ற ஊடகங்களில் உங்களுக்கு வாடகை இடம்தான். அந்த நிறுவனம் விதியை மாற்றினால் வெளியே நிற்க வேண்டும். இப்படிச் சேரும் 900 எண்கள் உங்கள் சொந்த நிலம்.

கேள்வி: வெட் கிரைண்டர் தயாரிக்கிறோம். ஆர்டர்களில் பெரும்பகுதி கூகுள் தேடல் வழியாகவே வருவதாக எங்கள் விளம்பர நிறுவனம் அறிக்கை தருகிறது. எஃப்.எம்., கேபிள் விளம்பரங்களை நிறுத்திவிட்டு முழுப் பணத்தையும் தேடலில் போடச் சொல்கிறார்கள். செய்யலாமா?
(கோயம்புத்தூர் வாசகர்)

பந்தியில் பரிமாறியவரையே எல்லாரும் பாராட்டுவார்கள்; சமைத்தவர் அடுப்படியில் வியர்த்துக்கொண்டிருப்பார். தேடல் விளம்பரம் பரிமாறுகிற ஆள். உங்கள் நிறுவனத்திடம் ஒரே ஒரு விவரம் கேளுங்கள்: வந்தவர்கள் ‘வெட் கிரைண்டர் விலை’ என்று தட்டச்சு செய்து வந்தார்களா, உங்கள் கம்பெனியின் பெயரையே தட்டச்சு செய்து வந்தார்களா? பெயரைத் தட்டியவர் மனதில் அந்தப் பெயரை முன்னமே யாரோ வைத்திருக்கிறார்கள். அது எஃப்.எம். ஆக இருக்கலாம், நாத்தனார் வீட்டுச் சமையலறையாகவும் இருக்கலாம். நிச்சயமாகக் கூகுள் இல்லை. அப்படி வருபவர் விளம்பரம் இல்லாவிட்டாலும் அதற்கு அடுத்த வரியில் உள்ள உங்கள் தளத்தைத் தொட்டு வந்திருப்பார். அந்தத் தொடுகைக்கும் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்.

வாங்க வந்தவரிடம் ‘எங்கே பார்த்தீர்கள்’ என்று கேட்டு எழுதுவதையும் அதிகம் நம்பாதீர்கள். மக்கள் பொய் சொல்வதில்லை. நினைவில்லாததால் ‘டிவியில் பார்த்தேன்’ என்று சொல்லிவிடுவார்கள். டிவியில் விளம்பரமே செய்யாத ஒரு கடையில்கூட இந்தப் பதில் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பார்க் அமைப்பின் டிவி பார்வையாளர் கணக்கும் உங்களுக்குச் சிறிதளவே உதவும். தேர்ந்தெடுத்த வீடுகளில் கருவி வைத்து நாடு முழுவதற்கும் எடுக்கப்படும் அந்தக் கணக்கை, ஒரு மாவட்டத்துக் கேபிள் சேனல் அளவுக்குச் சுருக்கிப் பார்க்க முடியாது.

நிறுத்திப் பார்ப்பதே நம்பத் தகுந்த சோதனை. எஃப்.எம்.மும் லோக்கல் கேபிளும் ஊர்வாரியாக இயங்குவது இதற்கு நல்ல வசதி. சேலத்தில் இரண்டையும் எட்டு வாரம் ஓடவிடுங்கள். திருச்சியில் முழுமையாக நிறுத்துங்கள். தேடல் விளம்பரம் இரண்டு ஊரிலும் மாறாமல் ஓடட்டும். விற்பனையை ஊருக்கு ஊர் ஒப்பிடாமல், ஒவ்வோர் ஊரையும் அதன் சென்ற ஆண்டின் அதே எட்டு வாரங்களோடு ஒப்பிட்டு, இரண்டு ஊர்களின் ஏற்ற இறக்கத்துக்கு இடையே எவ்வளவு வேறுபாடு என்று பாருங்கள். பிறகு ஊர்களை மாற்றி இன்னொரு எட்டு வாரம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களையும் ஆடியையும் தவிர்த்துவிடுங்கள். அப்போது கடைக்காரர்களின் சலுகை உங்கள் கணக்கைக் கலைத்துவிடும். நிறுத்திய ஊரில் உங்கள் பெயரைத் தட்டச்சு செய்து தேடுவோர் குறைந்தால், அடுப்படியில் இருந்தவர் யார் என்று தெரிந்துவிடும். இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி இருந்தால் உங்கள் விளம்பர நிறுவனம் சொன்னதைக் கேளுங்கள்.

நாள்காட்டி அடிப்பது இனியும் வேண்டுமா என்று கேட்டு இதே மாதம் நான்கு பேர் எழுதியிருப்பதால் அதற்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேண்டும். நல்ல நேரமும் ராகு காலமும் பார்க்கும் வீட்டில் தினமும் ஒருவர் உங்கள் கடைப் பெயருக்கு முன்னால் நின்று தாளைக் கிழிக்கிறார். வேறு எந்த ஊடகமும் ஒருமுறை காசு வாங்கிக்கொண்டு 365 நாள் காட்டுவதில்லை. சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பங்கள் ஆடிப்பெருக்கை ஒட்டி வெளிவரும். மார்கழியில் போய் நின்றால் மிச்சமிருப்பதுதான் கிடைக்கும்.

கேள்வி: உடன்குடிக் கருப்பட்டியை வெளிநாட்டுத் தமிழர்களுக்கு விற்க விரும்புகிறேன். உலகத் தமிழர்கள் அனைவரையும் சென்று சேரும் ஒரே ஊடகம் எது?
(தூத்துக்குடி மாவட்ட வாசகர்)

அப்படி ஒன்று இல்லை. ‘வெளிநாட்டுத் தமிழர்’ என்று ஒரே கூட்டமும் இல்லை. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சி மொழிகளுள் ஒன்று. அங்கே 1935 முதல் வெளிவரும் ‘தமிழ் முரசு’, ஒலி 96.8 வானொலி, வசந்தம் தொலைக்காட்சி ஆகியவை இருப்பதால், அந்த நாட்டுத் தமிழரில் பலரைச் சில இடங்களிலேயே எட்டிவிடலாம். மலேசியாவில் மின்னல் எஃப்.எம். இருக்கிறது. கனடாவின் டொராண்டோ வட்டாரத்தில் நிலைமை வேறு: அங்குள்ள தமிழரில் பெரும்பாலோர் ஈழத்திலிருந்து சென்றவர்கள்; தமிழ்ப் பலசரக்குக் கடைகள், கோயில்கள், ஊர்ச் சங்கங்கள், சமூக வானொலிகள் ஆகியவற்றின் வழியாகவே அவர்களிடம் செல்ல வேண்டும். வளைகுடா நாடுகளில் தனியாக வேலை பார்க்கும் இளைஞர் கருப்பட்டி வாங்க மாட்டார். ஊருக்கு வந்து திரும்பும்போது அம்மா கட்டிக் கொடுத்து அனுப்பும் பொட்டலத்தில்தான் அது போகும். ஆகவே அவரை எட்ட நீங்கள் பேச வேண்டியது திருச்செந்தூர்ப் பக்கத்தில் இருக்கும் அந்த அம்மாவிடம்.

இவை எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் தொடாதீர்கள். முதலில் சிங்கப்பூரை எடுத்துக்கொண்டு, தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் லிட்டில் இந்தியாவில் கூட்டம் சேரும்போது அங்குள்ள ஒரு கடையில் சரக்கு இருக்கும்படி ஏற்பாடு செய்த பிறகே வானொலியில் பேசுங்கள். கேட்டவர் கடையில் தேடிக் கிடைக்காமல் போனால் மறுமுறை தேட மாட்டார்.

கனடாவுக்குப் போகும் நாளில் மேலட்டையை மாற்ற வேண்டியிருக்கும். நீங்கள் கருப்பட்டி என்பதை யாழ்ப்பாணத்தில் பனங்கட்டி என்பார்கள்; பனையோலையில் முடைந்த சிறு குட்டான்களில் வரும் அதைத்தான் அவர்கள் சிறு வயதில் தேநீரோடு கடித்துக் குடித்திருக்கிறார்கள். ‘உடன்குடிப் பனங்கருப்பட்டி’ என்பது புவிசார் குறியீடு பெற்ற பெயர் ஆகையால் அதை விட்டுவிடாமல், அதற்குக் கீழே அதே அளவு எழுத்தில் ‘பனங்கட்டி’ என்றும் அச்சிடுங்கள். இணையத்தில் விற்கும்போதும் இரண்டு சொற்களையும் போடுங்கள். அங்கே ஒரு பாட்டி தேடச் சொல்லும்போது பேரன் தட்டப்போவது இரண்டாவது சொல்லைத்தான்.